மலைச் சாப்பாடும் மூடிய கோப்பையும்

யாழ்ப்பாண நகரத்தில் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டலில் இருந்து போன மாதம் ஒரு தம்பி தொலைபேசியில் கதைத்தார். விருந்தாளிகளின் அறைகளில் வைக்க ஓர் அட்டை அச்சடிக்கிறார்களாம். யாழ்ப்பாணம் வந்தால் சாப்பிடாமல் போகக்கூடாத சாப்பாடுகளை அதில் போடப்போகிறார்களாம். பழைய ரெஸ்ற் ஹவுஸ் சமையல்காரர்களில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பவன் நான்தான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

“ஐயா, சாப்பாட்டைச் சொல்லுங்கோ. எங்கை போய்ச் சாப்பிடலாம் எண்டும் சேத்துச் சொல்லுங்கோ” என்றார்.

வாயைத் திறந்தேன். ஒடியற் கூழ் என்றுதான் தொடங்க நினைத்தேன். ஆனால் வந்தது வேறு. “பஸ்சாலை இறங்கி, கல்லுப் படியிலை ஏறுங்கோ. முதல் வளைவிலை உருளைக்கிழங்குக் கடை இருக்கு.”

தம்பி சிரித்துவிட்டார். “ஐயா, யாழ்ப்பாணத்திலை கல்லுப் படி எங்கை கிடக்கு?”

நியாயமான கேள்விதான். கீரிமலை என்ற பெயரைத் தவிர எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. நானும் என் வாழ்நாளில் ஒரு மலையில் ஏறியதில்லை. ஆனால் இமயமலைப் பக்கத்துச் சின்னப் பட்டினம் ஒன்றின் சாப்பாட்டுக் கடைகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒழுங்காகச் சொல்வேன். எந்தக் கடைக்கு அடுத்து எந்தக் கடை, எங்கே என்ன தின்ன வேண்டும், எங்கே வயிற்றில் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தொலைபேசியில் அதை விளக்க எனக்கும் மூச்சில்லை, கேட்க அவருக்கும் பொறுமையில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் மயிலிட்டிக்காரன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கடல்தான் தொழில். எனக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் குடலே வெளியே வந்துவிடும். அதனால் கரையில் விட்டுவிட்டார்கள். கொழும்பில் பாத்திரம் கழுவி, பிறகு வெங்காயம் உரித்து, பிறகு கரண்டி பிடித்து, கடைசியில் வல்வெட்டித்துறைப் பக்கம் கடலோரத்தில் இருந்த ரெஸ்ற் ஹவுஸ் ஒன்றுக்குத் தலைமைச் சமையல்காரனாக வந்து சேர்ந்தேன். பயிற்சிக் காலம் என்று சொல்ல இவ்வளவுதான். உண்மையான படிப்பு அங்கே மனேச்சர் ஐயாவிடம் தொடங்கியது.

மனேச்சர் ஐயா வட்டுக்கோட்டைக்காரர். நெற்றியில் மூன்று குறித் திருநீறு, கழுத்தில் ரை. இரண்டும் இல்லாமல் நான் அவரைக் கண்டதில்லை. அதிகம் கதைக்க மாட்டார். வருகிறவரிடம் எந்த ஊர், என்ன வேலை, எத்தனை நாள் என்று ஒன்றும் கேட்க மாட்டார். “சாப்பாடு இருக்கு” என்பார். அவருடைய வரவேற்பு அந்த இரண்டு சொல்தான்.

ஆனால் மேசை விஷயத்தில் அவர் பொல்லாதவர். மத்தியானம் ஆனால் கஞ்சி போட்டு மினுக்கிய வெள்ளை விரிப்பு விரிக்க வேண்டும். கோப்பைகள் வைக்க வேண்டும். கோப்பை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது சாப்பாட்டுத் தட்டை. கிளாஸ்கள் கவிழ்ந்திருக்க வேண்டும். சோறு இடப் பக்கத்தால், தண்ணீர் வலப் பக்கத்தால். பரிமாறும்போது விருந்தாளியின் முகத்தைப் பார்க்கக்கூடாது, கையைத்தான் பார்க்க வேண்டும். போதும் என்பதை வாய் சொல்லுமுன் கை சொல்லிவிடும் என்பார். பந்தி முடிந்து மணி அடித்த பிறகுதான் வேலைக்காரர் வாயில் ஒரு பருக்கை வைக்கலாம்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பிறகு விருந்தாளிகள் வருவது நின்றுபோனது. வெள்ளைக்காரரும் இல்லை, கொழும்புக்காரரும் இல்லை. இனி மேசை தேவையில்லை என்று நாங்கள் நினைத்தோம். அடுத்த நாள் மத்தியானம் மனேச்சர் ஐயா ரையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“நடராசா, மேசை போடேல்லையோ?”

“ஆருக்கு ஐயா?”

“வாறவைக்கு.”

அன்று தொடங்கி ஒருவரும் வராத சாப்பாட்டறையில் ஒவ்வொரு மத்தியானமும் மேசை போட்டோம். சோறும் கறியும் கிண்ணங்களில் ஆவி பறக்கும். யன்னலுக்கு வெளியே வெயில் கொதிக்கும். உச்சி நேரத்தில் காகம்கூடக் கத்தாது. மனேச்சர் ஐயா கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மணி அடித்ததும் மேசையில் இருந்ததை எடுத்து நாங்கள் சாப்பிடுவோம். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு அந்த அறைக்குள் போனால் நானும் குரலைத் தாழ்த்திக் கதைக்கத் தொடங்கினேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மேசையில் இருந்து எடுத்த சோற்றை வாயில் வைத்தால் கடதாசியைச் சப்புவது போலிருந்தது. உப்பில்லை, புளியில்லை, உறைப்பில்லை. மீன் குழம்பில் மீன் வாசமே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. குசினிக்கு ஓடிப்போய்ச் சட்டியில் தொட்டுப் பார்த்தேன். சட்டியில் இருந்த அதே குழம்பு நாக்கைச் சுண்டியது. இரண்டு தரம் பார்த்தேன். சட்டியில் எல்லாம் இருந்தது, கிண்ணத்தில் ஒன்றும் இருக்கவில்லை.

மனேச்சர் ஐயாவிடம் சொன்னேன். அவரும் ஒரு பருக்கை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார்.

“ஆரோ வந்து சாப்பிட்டிட்டுப் போட்டினம்” என்றார். “அதுக்கென்ன? மேசை போட்டதே அதுக்குத்தானே.” சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அந்த அறைக்குள் திரும்பப் போகவே எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் விட்டுவிட்டுப் போக வேறு வேலை இருக்கவில்லை.

எண்பத்தைந்தில் என் வீட்டிலேயே இடி விழுந்தது. எங்களுக்கு ஒரே பிள்ளை, குமரன். கடல் என்னைத் துப்பியது, அவனைக் கூப்பிட்டது. இருபது வயதில் நல்ல வள்ளம் ஓட்டி என்று பெயர் எடுத்தவன். ஒரு விடியற்காலை போன வள்ளம் திரும்பி வரவில்லை. பலகையும் ஒதுங்கவில்லை, வலையும் ஒதுங்கவில்லை. இந்தியக் கரையில் ஏறியிருப்பான், அங்கே முகாமில் இருப்பான் என்றார்கள் சிலர். மற்றவர்கள் என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

எட்டாம் நாள் படையலைப் பற்றிச் சொந்தக்காரர் மெல்லக் கதை எடுத்தார்கள். என் மனைவி பாக்கியம் எழும்பி உள்ளே போய்விட்டாள். அன்று மத்தியானம் குமரனுடைய நீலக்கரை எனாமல் கோப்பையில் சோறு போட்டு, மேலே இன்னொரு கோப்பையைக் கவிழ்த்து மூடி வைத்தாள். எங்கள் வீடுகளில் இதுதான் முறை. செத்தவர்களுக்கு வாழையிலையில் திறந்து படைப்போம். வரப்போகிறவர்களுக்கு மூடி வைப்போம். பின்னேரம் நான் வேலையால் வந்ததும் அந்தச் சோற்றை எனக்குத் தருவாள், மறுநாள் மீண்டும் போட்டு மூடுவாள். நான் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. எங்கள் பிள்ளை செத்தவனா, வரப்போகிறவனா என்ற கேள்விக்கு அந்த மூடிதான் எங்கள் வீட்டுப் பதில்.

எண்பத்தேழின் கடைசியில் இந்தியப் படை வந்தது. ரெஸ்ற் ஹவுஸில் சில அதிகாரிகள் தங்கினார்கள். அவர்களுடைய சாப்பாட்டைக் கவனிக்க வந்தவர் ஹவில்தார் கோவிந்த். மலைக்காரர். சிவந்த கன்னம், சின்னக் கண், நாற்பது வயதுக்குள்ளேயே முழுதாக நரைத்த தலை. ஊட்டிப் பக்க முகாம் ஒன்றில் கன காலம் இருந்தவராம். அதனால் இந்தியத் தமிழை உடைத்து உடைத்துக் கதைப்பார்.

முதல் நாளே என் குசினிக்கு வந்து எல்லாப் பேணிகளையும் திறந்து மணந்தார். குரக்கன், இந்தியாவில் கேழ்வரகு என்பார்கள், அந்த மாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

“இது எங்க மடுவா! எங்க ஊர் ரொட்டி மாவு! இங்க எப்படி?”

“உது குரக்கன் அண்ணை. நாங்கள் பிட்டு அவிக்கிறது.”

கொள்ளைக் கண்டும் சந்தோஷம், வலிகாமத்து உருளைக்கிழங்கைக் கண்டும் சந்தோஷம். பிறகு பின்வளவுக்கு இறங்கினார். அங்கே மஞ்சள் பூவோடு நாய்க்கடுகு ஒரு காடு மாதிரி வளர்ந்து கிடந்தது. அதன் காய்ந்த நெற்று ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, ஊதி, கறுத்த விதையை நாக்கில் வைத்தார். அந்த ஆள் முழங்காலில் இருந்து அழுததை நான் கண்ணால் கண்டேன்.

“அண்ணை, உதை ஆடுகூடத் தின்னாது” என்றேன்.

“எங்க ஊர்ல இது இல்லாம தாளிக்க மாட்டோம்” என்றார்.

கடுகெண்ணெயில் அந்த விதையைப் போட்டால் ஒரு விதமாகப் பொரியும். கடுகு வெடிக்கிற சத்தம் இல்லை, சருகில் யாரோ நடக்கிற சத்தம். வாசம் மூக்கில் ஏறி நிற்கும். அதில் அவித்த உருளைக்கிழங்குத் துண்டுகளைப் பிரட்டி எனக்குத் தந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இவ்வளவு காலமும் பிடுங்கி எறிந்த களைக்கு அப்படியொரு ருசி இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

அன்று தொடங்கி நாங்கள் இருவரும் வெங்காயம் உரிக்கிற நேரமெல்லாம் கோவிந்த் தன் ஊரைச் சொல்வார். எப்போதும் ஒரே ஒழுங்கு. ஒரு கடை மாறாது.

“எங்க ஊர் வந்தா பஸ் ஸ்டாண்டில் இறங்கு. கல்லு படி ஏறு. முதல் வளைவுல உருளைக்கிழங்கு, கூட வெள்ளரிக்கா தயிர், கடுகு அரைச்சு போட்டது. மூக்கு எரியும், பரவால்ல, சாப்பிடு. அடுத்து லோகார் கடை. இரும்புச் சட்டியில் கறுப்பு பீன்ஸ் குழம்பு, சோறு. நிறைய சாப்பிடாதே. மேல ஒரு அம்மா மடுவா ரொட்டி சுடும், வெண்ணெய், வெல்லம். அதுக்கு கஞ்சா விதைச் சட்னி.”

“கஞ்சாவோ?” என்றேன்.

“விதை. விதையில் போதை இல்ல” என்று சிரித்தார். கஞ்சா விதையில் சம்பல் அரைக்கும் ஊரை நான் அதற்கு முன்னும் பின்னும் கேள்விப்பட்டதில்லை.

“அப்புறம் மிட்டாய் கடை. பால் காய்ச்சி சுண்ட வைச்சு, தேங்காய் போட்டு, பச்சை இலையில் கூம்பு மாதிரி சுத்தி தருவான். மலையில் தேங்காய், பார்த்தியா? அதை வாங்கி கையில் வைச்சுக்க. சாப்பிடாதே. படி முடியுற இடத்துல நீலக் கதவு. அது நம்ம வீடு. கமலா கொள்ளு ரசம் வைச்சிருப்பா. மிட்டாய் சின்னவளுக்கு கொடு. நம்ம வீட்டில் சாப்பிடாம கீழ இறங்கக்கூடாது.”

இத்தனையும் நடக்கிற காரியமாகவே சொல்வார். அதனால் அவருடைய மனைவியும் மகளும் அங்கே சுகமாக இருக்கிறார்கள் என்று நினைத்தேன். வேறெப்படி நினைப்பது?

அதிகாரிகளுக்குப் பரிமாறுமுன் அவர் இரண்டு கோப்பையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் போட்டு, பின் விறாந்தையில் வடக்குப் பார்த்து வைப்பார். திறந்தபடி வைப்பார். எனக்கு அதைப் பார்க்க மனம் பதைக்கும். உயிரோடு இருக்கும் பெண்சாதி பிள்ளைக்கு இப்படித் திறந்து வைத்தால் அது படையல் அல்லவா? மலைக்காரருக்கு எங்கள் முறை தெரியாது, பாவம் என்று நினைத்து, ஒரு நாள் அவர் காணாமல் இரண்டு கோப்பையையும் வேறு கோப்பைகளால் மூடிவிட்டேன்.

கோவிந்த் வந்து பார்த்தார். “யார் மூடினது?”

“நான்தான் அண்ணை. வரப்போறவைக்கு எங்கடை ஆக்கள் மூடித்தான் வைக்கிறது. திறந்து வைச்சால் அது செத்தவைக்கு.”

அவர் கையை நீட்டினார். ஆனால் மூடியைத் தொடவில்லை. கடல் பக்கம் திரும்பினார். “மூடினா வருவாங்களா?” என்று மெல்லக் கேட்டார்.

“வருவினம். நம்பித்தானே மூடுறம்.”

மறுநாள் தொடக்கம் அவரே மூடினார்.

சில நாள் போனது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்து, “கிளம்பிட்டாங்க” என்றார்.

“ஆர் அண்ணை?”

“கமலாவும் சின்னவளும். இன்னிக்கு மலை இறங்கிட்டாங்க.”

தகவல் வந்திருக்கிறதாக்கும் என்று நானும் சந்தோஷப்பட்டேன். பிறகு அடிக்கடி, அதுவும் மத்தியானத்தில் மட்டும் சொல்வார். “சமவெளிக்கு வந்தாச்சு. சின்னவளுக்கு வெயில் தாங்கல.” “பெரிய ஆறு ஒண்ணு தாண்டிட்டாங்க.” “இன்னிக்கு மெட்ராஸ்.” பிறகு ஒரு நாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். “கடல் கரையில் நிக்கிறாங்க. கமலா கடல் பார்த்ததே இல்ல. பயப்படறா.”

“என்ன கப்பலிலை வருகினம்?”

“தெரியல.”

சண்டை நடக்கிற இடத்துக்கு யாராவது குடும்பத்தைக் கூப்பிடுவார்களா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த நாட்களில் மலைப் பக்கத்தில் இருந்து இளம் கப்டன் ஒருவர் புதிதாக வந்தார். கோவிந்தின் ஊர்தானாம். தேத்தண்ணீர் கொண்டுபோன நான் என் குசினி இங்கிலிஷில் பெருமையாக அவருடைய ஊர்க் கடைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். உருளைக்கிழங்கு, லோகார், ரொட்டி அம்மா, மிட்டாய், நீலக் கதவு. கப்டன் தேத்தண்ணீரைத் தொடவில்லை. முகம் வெளிறிப்போய் மனேச்சர் ஐயாவைப் பார்த்து இங்கிலிஷில் ஏதோ சொன்னார். மனேச்சர் ஐயா எனக்குத் தமிழில் சொன்னார்.

“நடராசா, அந்தத் தெரு இப்ப இல்லையாம். இவர் பள்ளிக்கூடம் போன காலத்திலை ஒரு மாரியிலை மலை சரிஞ்சு முழுத் தெருவையும் மூடிப்போட்டுதாம். கடையும் இல்லை, வீடும் இல்லை. ஒருதற்றை பிரேதமும் எடுக்கேல்லையாம். கோவிந்தின்ரை மனுசியும் பிள்ளையும் அதுக்குள்ளைதானாம்.”

கப்டன் போன பிறகு சொன்னேன். “ஐயா, அந்தக் கோப்பையை மூடினது நான். செத்தவைக்கு நான் மூடிப்போட்டன்.”

மனேச்சர் ஐயா என்னையே பார்த்தார். என் வீட்டுக் கோப்பையும் அவருக்குத் தெரியும். “இப்ப எவ்வளவு தூரம் வந்திட்டினமாம்?” என்று மட்டும் கேட்டார்.

“கடற்கரைக்கு வந்திட்டினமாம்.”

“அப்ப கிட்டத்தான்” என்றார்.

இரண்டொரு நாளில் அது நடந்தது. அதிகாரிகள் விடியவே எங்கோ போய்விட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோவிந்த் குளித்து, சவரம் செய்து, சுத்தமான சேர்ட் போட்டுக்கொண்டு குசினிக்கு வந்தார். “இன்னிக்கு வந்துடுவாங்க” என்றார்.

நான் மனேச்சர் ஐயாவைப் பார்த்தேன். அவர் ரையைச் சரிசெய்தார். “மேசை போடும். மூண்டு பேருக்கு.”

“ஐயா, உது...”

“வாறவை ஆரெண்டு கேக்கிறது எங்கடை வேலை இல்லை.”

வெள்ளை விரிப்பு விரித்தேன். மூன்று கோப்பை, மூன்று கிளாஸ். கோவிந்த் தாளித்த நாய்க்கடுகு வாசம் வீடு முழுக்க நின்றது. மனேச்சர் ஐயா தன்னுடைய அறைக்குப் போய் ஒரு தலையணையைக் கொண்டுவந்து ஒரு கதிரையில் வைத்தார். “சின்னப் பிள்ளைக்கு மேசை எட்டாது” என்றார்.

உச்சி வெயில். கடலில் அலைச் சத்தம் கேட்கவில்லை, திரைச்சீலை அசையவில்லை. கோவிந்த் தன் கதிரையில் இருந்தார். மற்ற இரண்டு கதிரையும் வெறுமை. மனேச்சர் ஐயா இடப் பக்கத்தால் போய்ச் சோறு போட்டார். முதலாவது வெறும் கதிரையில் மூன்று கரண்டி போட்டு நின்றார். தலையணைக் கதிரைக்குப் போனார். ஒரு கரண்டி போட்டார். இரண்டாவது கரண்டியைக் கொண்டுபோனவர் பாதியில் கையை நிறுத்தி, சிறிது குனிந்து, அதைத் திருப்பிக் கிண்ணத்தில் போட்டார். வலப் பக்கத்தால் வந்து தண்ணீர் வார்த்தார். கோவிந்த் தன் பாஷையில் தாழ்ந்த குரலில் ஏதோ கதைத்தார், இடையில் ஒரு தரம் சிரித்தார், சாப்பிட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்வதில் வெட்கமில்லை, நான் பயந்துபோனேன்.

மணி அடித்தது. கோப்பைகளை எடுத்து வந்தேன். வெறும் கதிரைக் கோப்பைகளில் சோறு வைத்தபடியே இருந்தது, ஒரு பருக்கை குறையவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

கடதாசி. இரண்டு கோப்பையிலும் உப்பில்லை, உறைப்பில்லை, வீட்டையே நிறைத்த நாய்க்கடுகு வாசமும் இல்லை. கோவிந்த் மிச்சம் விட்ட குழம்பைத் தொட்டேன். உப்பு இருந்தது. சட்டியிலும் இருந்தது.

பின்னேரம் மனேச்சர் ஐயாவிடம் கேட்டேன். “அந்த இரண்டாவது கரண்டியை ஏன் ஐயா நிப்பாட்டினீங்கள்?”

“போதும் எண்டால் நிப்பாட்டத்தானே வேணும்” என்றார். அதற்கு மேல் அவர் ஒரு நாளும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அடுத்த நாள் கோவிந்த் என்னிடம் வாழையிலை கேட்டார். இரண்டு இலை விரித்து, எங்கள் முறைப்படி பின்வளவில் திறந்து படைத்தார். காகங்கள் இறங்கின. “வந்தாங்க, சாப்பிட்டாங்க” என்றார். “இனி மூடி வைச்சா அவங்களால திரும்பிப் போக முடியாது.” அவருடைய முகம் துடைத்து வைத்த பாத்திரம் போல் இருந்தது. பிறகு அவருடைய படைப்பிரிவு வேறு இடம் போனது. போகும்போது என் கையில் ஒரு பொட்டலம் நாய்க்கடுகு தந்தார். என் வளவில் பிடுங்கியதை எனக்கே தந்துவிட்டுப் போனார், நல்ல மனிதர்.

எனக்கு அவர் விட்டுப்போனது பொட்டலம் மட்டுமில்லை. மூன்று பேருக்கு மேசை போட்ட அன்றைக்கு, இதுவும் கடதாசியாக இருக்குமோ என்ற பயத்தோடு வீட்டுக்குப் போய்க் குமரனுடைய மூடியைத் திறந்தேன். ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு இருந்தது. மீன் குழம்பு மீன் குழம்பாகவே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“என்ன, உறைப்போ?” என்றாள் பாக்கியம்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேசை, தலையணை, கடதாசிச் சோறு, எல்லாம். அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் நான் மூடியைத் திறந்து முதல் பருக்கையை வாயில் வைக்கும்போது அவள் அடுப்படியில் அசையாமல் நிற்பாள். “உப்பு இருக்கு” என்பேன். அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். உப்பு இருக்கிற வரைக்கும் எங்கள் பிள்ளை எங்கேயோ உயிரோடு இருக்கிறான்.

தொண்ணூறில் மயிலிட்டியை விட்டு எல்லோரும் வெளிக்கிட வேண்டி வந்தது. பாக்கியம் நகையைக்கூட மறந்தாள், நீலக்கரைக் கோப்பையையும் மூடியையும் மறக்கவில்லை. மனேச்சர் ஐயா தன் ஊரான வட்டுக்கோட்டையில் எங்களுக்கு ஒரு கொட்டில் எடுத்துத் தந்தார். அங்கே அவளுக்கு ஒரு புதுப் பயம் பிடித்தது. பிள்ளை வந்தால் மயிலிட்டிக்குத்தானே வருவான்? ஆளில்லாத வீட்டுக்கு வந்து திரும்பிப் போய்விட்டால்?

அதனால் மத்தியானம் மூடும்போது வழி சொல்லத் தொடங்கினாள். “தம்பி, துறையிலை இறங்கினால் அங்கை நிக்காதை. தேத்தண்ணிக் கடையைத் தாண்டி வா. சுறா வறை விக்கிற கடையிலை பசியாறு. சந்தியிலை அப்பம் இருக்கும், வாங்கித் தின். எங்கடை வீட்டுக் கதவு பூட்டிக் கிடக்கும். நீ மேற்கை நட. வட்டுக்கோட்டையிலை அம்மா சோறு வைச்சிருக்கிறன்.” அந்தக் கடைகள் எதுவும் அப்போது இல்லை. அவளுக்கும் அது தெரியும். ஒரே ஒழுங்கில், ஒரு கடை மாறாமல் சொல்வாள். நான் அதே குரலை முன்பு வெங்காயம் உரிக்கும்போது கேட்டிருக்கிறேன்.

தொண்ணூற்றைந்தில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். அங்கிருந்தவர்களுக்கு ஒரு பெரிய கிடாரத்தில் சமைக்க வேண்டி வந்தது. கரண்டி பிடித்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பருப்பும் சோறும்தான். ஆனாலும் ஊருக்குச் சமைக்கிற சமையல், உப்பைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். சாப்பிட்டவர்கள் கையை நக்கினார்கள். பாக்கியம் வரிசையில் நின்று வாங்கிய சோற்றை நீலக்கரைக் கோப்பையில் போட்டு, வகுப்பறை யன்னலடியில் மூடி வைத்தாள். வட்டுக்கோட்டையில் இருந்து அந்தப் பள்ளிக்கூடம் வரைக்கும் புது வழியையும் சேர்த்துச் சொன்னாள்.

பின்னேரம் மூடியைத் திறந்தேன். ஒரு பருக்கை எடுத்தேன்.

கடதாசி.

இன்னொரு பருக்கை. பருப்பைத் தொட்டு வைத்தேன். ஒன்றுமில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். பாக்கியம் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் முகத்தில் என்ன கண்டாளோ, நான் வாய் திறக்க முன் ஓடிவந்து கோப்பையை என் கையில் இருந்து பறித்தாள்.

“ஐயோ, உப்புப் போட மறந்திட்டன். என்ரை பிழை. இஞ்சை தாருங்கோ” என்றாள். துணிப் பைக்குள் இருந்து உப்புச் சரையை எடுத்து, அள்ளித் தூவிக் குழைத்துத் தந்தாள். “இப்ப பாருங்கோ.”

பார்த்தேன். “இருக்கு” என்றேன்.

ஹோட்டல் தம்பி நேற்றும் எடுத்தார். மயிலிட்டித் துறையில் தொடங்கி, தேத்தண்ணீர்க் கடை, சுறா வறைக் கடை, சந்தி அப்பம் என்று பாக்கியத்தின் ஒழுங்கிலேயே சொன்னேன். “ஐயா, உந்தக் கடையள் இப்ப இருக்கோ?” என்று கேட்டார். அச்சடிக்கும்படி சொன்னேன். எங்களுக்கு அடுத்து வழி சொல்ல ஆளில்லை, ஓர் அட்டையாவது சொல்லட்டும்.

பாக்கியம் இன்றைக்கும் மத்தியானம் மூடி வைத்திருக்கிறாள். பின்னேரம் திறப்பேன். அந்தப் பள்ளிக்கூடத்து நாளுக்குப் பிறகு அவளுடைய கையில் உப்பு எப்போதும் கொஞ்சம் கூடத்தான். “உப்புக் காணுமோ, போதுமோ?” என்று கேட்பாள். “காணும் பாக்கியம்” என்பேன். அன்றைக்குச் சமைத்ததும் உப்புப் போட்டதும் நான் என்பதை அவளும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.